வறட்கண்ணும் உலர்கண்ணும்: கேளம்பாக்கத்தை முன்வைத்து ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

கண்ணீரைப் பற்றித் தமிழிலக்கியம் பேசியது மிகுதி. கண்ணில் ஈரம் இல்லாமையைப் பற்றிப் பேசியது குறைவு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறுகின்றது. வறுமையுற்றார் கண்ணீர் வடிப்பர் என்பது இலக்கணம் கண்ட உண்மை. அவ்வறுமை முற்றிய குழந்தையின் கண்ணில் ஈரம் நில்லாது ஒழியும் என்பது இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் கண்ட உண்மை. இவ்விரண்டாம் உண்மையை நிறுவிய ஆராய்ச்சியில் சென்னைக்கும் குன்னூருக்கும் மதுரைக்கும் பெரும் பங்குண்டு. அவ்வரலாறு தமிழில் முறையாக எழுதப்பெறுதல் வேண்டும்.

இன்று நாளிதழ்களிலும் விளம்பரங்களிலும் ‘கண் வறட்சி’ என்னும் தொடர் அடிக்கடி வருகின்றது. கணிப்பொறித் திரையை நெடுநேரம் நோக்குவோர்க்கும், கண்ணில் ஒட்டு வில்லை அணிவோர்க்கும் உண்டாகும் எரிச்சலையே அத்தொடர் பெரும்பாலும் குறிக்கின்றது. உணவின்மையாற் குழந்தைகட்கு வரும் குருட்டு நோயும் அதே பெயரால் வழங்கப்பெறுவதுண்டு. காரணத்தாலும் மருந்தாலும் முடிவாலும் வேறுபட்ட இரு நோய்கள் ஒரு பெயரில் அடங்கிக் கிடப்பது தகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

1. நிலம்

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரச் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கோவளச் சாலையும் கூடுமிடத்து அமைந்த ஊர் கேளம்பாக்கம். 2019-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு மாவட்டம் தனியே அமைந்தபின் அம்மாவட்டத்தைச் சார்ந்தது. கிழக்கே கோவளக் கடலும் முட்டுக்காட்டுக் கழியும் உள்ளன. கழி நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி உப்பு விளைவித்தல் இப்பகுதியின் பழைய தொழில். சென்னை மாநகர் தெற்கு நோக்கி விரிந்தபோது அளங்கள் சுருங்கின. சாலையோரத்தில் மென்பொருள் நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. அண்மையிலுள்ள சிறுசேரியிற் சிப்காட்டுத் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவமனையும், 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற அதன் கல்வி நிறுவனமும் உள்ளன.

நிலப்பாகுபாட்டின்படி இவ்வூர் நெய்தல். நெய்தற்குரிய உரிப்பொருள் இரங்கல். உப்பும் கண்ணீரும் ஒரு திணையில் வந்து சேர்ந்தமை புலவர் வகுத்த மரபாகலாம். ஆயின் கண்ணீரின் இயல்பை அறிவதற்கு உப்பளத்தைக் காட்டிலும் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. கடல் நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்பு உண்டு. கண்ணீரில் ஏறத்தாழ 0.9 பங்கு. பாத்தியிலுள்ள நீர் வெயிலாலும் காற்றாலும் ஆவியாகுந்தோறும் எஞ்சிய நீர் கரிப்பேறுகின்றது. கண்ணின் மேற்பரப்பிலும் இதுவே நிகழ்கின்றது. பாத்தியில் இது விளைச்சல். கண்ணில் இது நோய்.

ஒருபால் வெட்டவெளியில் வெண்ணிற உப்பின் கண்கூச்சத்தையும் கடற்காற்றையும் தாங்கி நிற்கும் தொழிலாளர். மற்றொருபால் குளிரூட்டிய அறையிற் சன்னலடைத்துத் திரைமுன் அமர்ந்திருக்கும் தொழிலாளர். இவ்விரு சாராரையும் ஒரே ஊரிற் காண்டலால் கேளம்பாக்கத்தை நம் ஆய்வுக்கு முன்வைத்தோம்.

2. பழைய மருத்துவ நூல்கள்

சுசுருத சங்கிதை கண்ணோய்களை 76 எனத் தொகுத்தது. அவற்றுள் ‘சுஷ்காட்சிபாகம்’ என்பது ஒன்று. இமை கடினமாகிச் சொரசொரத்தல், கண் திறத்தற்கு அருமையாதல், பார்வை கலங்குதல், எரிச்சல் ஆகியன அதன் குறிகளாகச் சொல்லப்படுகின்றன. இக்காலத்தார் உலர்கண் நோய்க்குக் கூறும் குறிகளோடு இவை பெரிதும் ஒத்துள்ளன. சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 என எண்ணும். நயனவிதி என்னும் பெயருடைய நூல்கள் இம்மரபில் வழங்குகின்றன.

நோயாளரை ஒவ்வொருவராகக் கண்டு பதிவு செய்யும் முறைக்குத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி சிறந்த சான்று தந்துள்ளார். அவரது ஆட்சிக் காலம் 1798 முதல் 1832 வரை. தன்வந்தரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் அவர் மேற்கொண்ட கண் மருத்துவம் பற்றிய குறிப்புகளும் கண்களின் வண்ணப் படங்களும் சரசுவதி மகால் நூலகத்திற் பேணப்படுகின்றன. ஏட்டு மரபு நோயின் வகையைச் சொல்லிற்று. சரபோசியின் பதிவுகள் நோயுற்ற மனிதனைச் சொல்லின. அடுத்து வந்த மருத்துவமனை ஆராய்ச்சிக்கு இப்பதிவு முறையே அடிப்படை.

3. சென்னையில் வறட்கண் ஆராய்ச்சி

சரபோசி ஆண்ட காலத்திலேயே, 1819-இல், சென்னையிற் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. இலண்டன் மூர்பீல்ட்சு மருத்துவமனை 1805-இல் தோன்றியது. அதற்கு அடுத்த தொன்மையுடையதாகச் சென்னை மருத்துவமனையைக் கூறுவர். இராயப்பேட்டையில் இருந்த அது 1884-இல் எழும்பூருக்கு மாறியது. இன்று அது மண்டலக் கண் மருத்துவ நிலையம் எனப்படுகின்றது.

இம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஆர். ஈ. ரைட்டு என்பார், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி மெலிந்து உருகிப் போகும் நோயைப் பற்றி 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நோய் வந்த குழந்தை முதலில் மாலையிற் கண் தெரியாமல் தடுமாறும். இதற்கு நம்மவர் இட்ட பெயர் மாலைக்கண். பின்னர் வெள்ளைவிழி பளபளப்பு இழக்கும். அதன்மேல் நுரைபோன்ற வெண்புள்ளி தோன்றும். இப்புள்ளியை 1863-இல் விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் பித்தோவின் பெயரால் மருத்துவர் அதனை வழங்குவர். முடிவிற் கருவிழி மென்மையாகிச் சிதையும். மாலைக்கண் என்னும் சொல் தமிழரிடை வழங்கிய அளவை நோக்க, இந்நோயின் முதற்படி இந்நாட்டார்க்கு நெடுங்காலம் அறிமுகமானதென்பது பெறப்படும். முதற்படியையும் முடிவையும் ஒரே காரணம் இணைக்கின்றது என்பதே புதிதாக அறியப்பெற்றது.

அக்காரணத்தை உலகம் படிப்படியாகக் கண்டது. 1913-இல் அமெரிக்காவில் மெக்காலமும் தேவிசும் கொழுப்பிற் கரையும் ஓர் உணவுச் சத்தைக் கண்டனர். அதுவே பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க்கு நாடு தன் வெண்ணெயைப் பிற நாடுகட்கு விற்றது. அந்நாட்டு ஏழைக் குழந்தைகள் கொழுப்பு நீக்கிய பாலையே உண்டனர். அவர்தம் கண்கள் வறண்டு கெட்டன. 1918-இல் வெண்ணெய் நாட்டினுள்ளேயே பங்கிடப்பட்டபோது நோய் குறைந்தது. இதனைக் கோப்பன்கேகன் மருத்துவர் பிளாக்கு எடுத்துக் காட்டினார். நோயின் வேர் கண்ணில் இல்லை, உணவுப் பங்கீட்டில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்தில் இவ்வாராய்ச்சியின் இரண்டாம் நிலைக்களம் குன்னூர். மெக்காரிசன் தொடங்கிய உணவு ஆராய்ச்சி அங்கு வளர்ந்தது; 1935-இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு தலைமை ஏற்றார். அவரும் ரைட்டும் சேர்ந்து, செம்பனை எண்ணெயைக் கொண்டு இந்நோய்க்கு மருத்துவம் செய்தமை பற்றி 1937-இல் எழுதினர். மீனெண்ணெய் விலை மிக்கது. செம்பனை எண்ணெயிற் கரோட்டீன் என்னும் முன்சத்து நிறைய உண்டு. குன்னூர் நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் அது தேசிய உணவூட்ட நிலையம் எனப் பெயர் பெற்றது.

மூன்றாம் நிலைக்களம் மதுரை. கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், ஆக்சுபோர்டு உயிர்வேதியியலறிஞர் அந்தோனெட்டு பிரி அம்மையாரின் துணையோடு, 1970களில் உணவூட்ட மறுவாழ்வு நிலையம் ஒன்றை நடத்தினார். நோயுற்ற குழந்தையோடு தாயும் அங்குத் தங்கினாள். கீரையும் பருப்பும் சேர்த்துச் சமைக்கக் கற்றாள். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கிடைக்கும் நாட்டிற் குழந்தைகள் வைட்டமின் ஏ இன்றிக் குருடாவது ஏன் என்னும் கேள்விக்கு, மருந்துச் சீட்டைக் காட்டிலும் அடுப்படியே விடை தந்தது.

1970-இல் இந்திய அரசு சிறு குழந்தைகட்கு ஆறு திங்கட்கு ஒருமுறை வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1990-இல், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் 15,419 குழந்தைகளைக் கொண்டு இலட்சுமி ரகமத்துல்லாவும் துணைவரும் செய்த ஆய்வு வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதவரினும் நூற்றுக்கு 54 பங்கு குறைந்திருந்ததென அது காட்டியது. அதே ஆண்டில் ஐதராபாத்துப் பகுதி ஆய்வொன்று அத்தகைய குறைவைக் காணவில்லை. ஆகவே அளவைப் பற்றிய வழக்கு நீண்டது. எனினும் ஓர் உண்மை நிலைபெற்றது. வறண்ட கண் கண்ணோய் மட்டுமன்று. அக்குழந்தையின் உயிரே ஊசலாடுகின்றது என்பதற்கு அறிகுறி.

4. கண்ணீர்ப் படலம் பற்றிய அறிவு

இனி மற்றை நோய்க்கு வருவோம். அழும்போது வடியும் நீர் வேறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணை மூடி நிற்கும் மெல்லிய நீர் வேறு. பின்னதனைக் கண்ணீர்ப் படலம் என்கின்றோம். இதன் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்ரான். மயிரிழையின் தடிப்பிற் பன்மடங்கு சிறிது. ஒளி கண்ணினுள் புகும் முதல் வாயில் இதுவே. இதன் பரப்புச் செம்மையாக இல்லையேற் பார்வையும் செம்மையாக இராது.

கண்ணீர் மூளையினின்று வடிகின்றது என முன்னாள் ஐரோப்பியர் கருதினர். 1662-இல் டென்மார்க்கு அறிஞர் ஸ்டென்சன் அது சுரப்பியினின்று வருவதெனக் காட்டினார். 1666-இல் செருமானிய அறிஞர் மைபோம் இமை விளிம்பிலுள்ள நெய்ச்சுரப்பிகளை விளக்கினார். 1903-இல் ஷிர்மர் வடிதாள் துண்டொன்றைக் கீழிமையிற் செருகி, நனைந்த நீளத்தால் நீரின் அளவை அறியும் முறையை வகுத்தார். இன்றும் அம்முறை கையாளப்படுகின்றது. 1922-இல் பிளெமிங்கு கண்ணீரில் நுண்ணுயிர் கொல்லும் பொருளைக் கண்டார். 1933-இல் சுவீடன் மருத்துவர் ஷோகிரன், கண்ணும் வாயும் ஒருங்கே உலரும் நோயைத் தம் ஆய்வேட்டில் விரித்துரைத்தார்.

1946-இல் இலண்டன் அறிஞர் வுல்பு படலத்தை மூன்றடுக்காகப் பகுத்தார். அடியிற் சளிப்பொருள், நடுவில் நீர், மேலே நெய். சளி நீரைக் கண்ணோடு பற்றவைக்கும். நெய் நீர் ஆவியாகாமற் காக்கும். இன்று சளியும் நீரும் தெளிவான எல்லையின்றிக் கலந்தே நிற்பதாகக் கொள்கின்றனர். ஆயினும் இம்மூன்றன் தொழிற்பாகுபாடு மாறவில்லை. வைட்டமின் ஏ இல்லாதபோது கெடுவது அடித்தளம்: சளி சுரக்கும் உயிரணுக்கள் மறைந்து, மேற்றோல் தடித்துக் கொம்புத்தன்மை அடைகின்றது. அப்போது நீர் சுரந்தாலும் பற்றி நிற்க இடமில்லை. திரைமுன் இருப்போர்க்கு நேர்வது வேறு: அடித்தளம் கெடுமுன்னரே மேலுள்ள நீர் விரைந்து ஆவியாகின்றது.

ஜப்பானிய மருத்துவர் சுபோத்தாவும் நாகமோரியும் 1993-இல் வெளியிட்ட கணக்கு இதனை விளக்கும். ஓய்வாக இருப்பவர் நிமிடத்திற்குச் சராசரி 22 முறை இமைத்தனர். நூல் படிக்கையில் 10 முறை. கணிப்பொறித் திரையை நோக்குகையில் 7 முறை. இமைத்தல் குறைந்தால் நெய் பரவாது, படலம் கிழியும், நீர் ஆவியாகும், எஞ்சியது கரிப்பேறும், கரிப்பு கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தும், புண் படலத்தை மேலும் நிலைகுலைக்கும். இத்தொடர்வட்டமே நோயின் உள்ளியல்பு என்பதைப் பன்னாட்டு அறிஞர் குழு 2007-லும் 2017-லும் வெளியிட்ட அறிக்கைகள் வலியுறுத்தின. உப்பளப் பாத்தியை உவமையாகக் கூறியது இதுபற்றியே.

5. ஒட்டு வில்லை

கண்ணீர்ப் படலத்தின் அருமையை உலகுக்கு உணர்த்தியது ஒட்டு வில்லை. 1888-இற் சூரிச்சு நகர மருத்துவர் பிக்கு, கண்ணை மூடும் கண்ணாடி ஓட்டினைச் செய்து முயல்களுக்கும் தமக்கும் பிறர்க்கும் அணிவித்துப் பார்த்தார். சில மணி நேரத்திற்கு மேல் அதனைத் தாங்க இயலவில்லை. 1948-இல் அமெரிக்கர் டூவி கருவிழியளவே உள்ள பிளாஸ்டிக்கு வில்லையை ஆக்கினார். 1961-இற் பிராகு நகர வேதியியலறிஞர் விக்டர்லே, நீரை உறிஞ்சி மென்மையாகும் பொருளிலிருந்து வில்லை வார்க்கும் பொறியொன்றைக் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளைக் கொண்டு தம் வீட்டிலேயே அமைத்தார். 1971-இல் மென்வில்லைக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. 1990களின் இறுதியில் உயிர்க்காற்றை மிகுதியும் ஊடுருவவிடும் சிலிக்கோன் கலந்த வில்லைகள் வந்தன.

3 மைக்ரான் தடிப்புள்ள படலத்தில், அதனினும் ஏறத்தாழ முப்பது மடங்கு தடித்த வில்லை மிதக்கின்றது. படலம் வில்லையின் மேலொன்றும் கீழொன்றுமாகப் பிளவுறுகின்றது. மேற்புறப் படலம் மெலிந்து விரைவில் உடைகின்றது. வில்லை அணிவோர் பலர் அதனைக் கைவிடுதற்குக் கண் உலர்தலே முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆயின் அதே வில்லை மருந்தாகவும் திரும்பியது. பிக்கின் பெரிய ஓட்டினை ஒத்த அகன்ற வில்லை, கண்ணுக்கும் தனக்குமிடையே நீர்த்தேக்கம் ஒன்றைத் தாங்கி, கொடிய உலர்கண் நோயாளரைக் காக்கின்றது. சென்னைச் சங்கர நேத்திராலயத்திலும் ஐதராபாத்து எல். வி. பிரசாத்துக் கண் மருத்துவ நிலையத்திலும் இம்முறை கையாளப்படுகின்றது.

1978-இல் மருத்துவர் எஸ். எஸ். பத்ரிநாத்து தொடங்கிய சங்கர நேத்திராலயம், 1985-இல் ஒளியளவைக் கல்லூரியொன்றை நிறுவிக் கண்ணாடி, ஒட்டு வில்லை பற்றிய கல்வியைப் பட்டப் படிப்பாக்கியது. மருந்து ஒவ்வாமையால் கண்ணின் ஈரம் முற்றும் அழிந்தோர்க்கு, நோயாளரின் பல்லையே செதுக்கி அதனுள் ஒளிக்குழலைப் பதித்துக் கண்ணிற் பொருத்தும் அறுவையும் 2003 முதல் அங்கு நடைபெற்றது. இத்தாலியர் ஸ்திராம்பெல்லி 1960களில் வகுத்த முறை இது. ஈரமில்லாத கண்ணிற் பிறரது கருவிழி உயிர்வாழாது என்பதே இத்துணை அரிய அறுவைக்குக் காரணம்.

6. சொல்லாராய்ச்சி

இருவகை நோய்களின் வரலாற்றையும் கண்டோம். இனிச் சொல்லை நோக்குவோம். வறு, வறள், வற்று என்னும் அடிகளினின்று வறம், வறட்சி, வறுமை என்பன பிறந்தன. இச்சொற்கள் பெரும்பாலும் நிலத்தையும் நீர்நிலையையும் வாழ்வையும் பற்றி வழங்குவன. குளம் வற்றும்; நிலம் வறளும்; குடி வறுமையுறும். மூன்றிலும் ஊற்றே கெடுதல் என்னும் பொருள் உண்டு. உலர்தல் அத்தகையதன்று. துணி உலரும், நெல் உலரும், தலைமயிர் உலரும். பொருள் கெடாது, மேலுள்ள ஈரம் நீங்குதலே உலர்தல். வறண்ட நிலத்தை மறுபடி நனைத்த அளவிற் பயிர் விளையாது. உலர்ந்த துணியை நனைத்தால் அது நனையும்.

ஆகவே உணவின்மையால் விழியின் அடித்தளமே கெடும் நோய்க்கு ‘வறட்கண்’ என்னும் பெயரே பொருந்தும். வறுமை என்னும் காரணத்தையும் அச்சொல் தன் வேரிலேயே தாங்கியுள்ளது. திரையாலும் குளிர்காற்றாலும் ஒட்டு வில்லையாலும் முதுமையாலும் வரும் நோய்க்கு ‘உலர்கண்’ என்பதே தகும். அதனுள்ளும் ஷோகிரன் நோய் போன்று நீர் குறைவாற் பிறப்பதனைச் ‘சுரப்புக்குறை உலர்கண்’ என்றும், நெய் குறைவாற் பிறப்பதனை ‘ஆவிமிகை உலர்கண்’ என்றும் பிரிக்கலாம்.

இது வெறும் பெயரிடும் வேலை என்று சிலர் கருதக்கூடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிசுக்கு கிரீன் அவ்வாறு கருதவில்லை. 1847-இல் அங்கு வந்த அவர், கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலும், அடுத்து வடமொழியிலும் தேடி, இரண்டிலும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பெயர்த்தார். மாணவன் நோயைத் தன் மொழியில் அறிந்தாலன்றி நோயாளிக்கு அதனைச் சொல்ல இயலாது என்பதே அம்முயற்சியின் பயன். இன்று ஓர் ஏழைத்தாய், தன் குழந்தையின் கண் பளபளப்பு இழந்தது கண்டு, ‘கண் வறட்சி’ என்று விளம்பரத்திற் கேட்ட பெயரை நம்பிக் கடையிற் சொட்டு மருந்து வாங்குவாளாயின், இழக்கும் நாள்கள் சிலவே; அச்சில நாள்களில் கருவிழி உருகிவிடக் கூடும். சொட்டு மருந்து வறட்கண்ணைத் தீர்க்காது. வைட்டமின் ஏ திரைமுன் அமர்ந்தவரின் எரிச்சலைப் பொதுவாகத் தீர்க்காது. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, கண்ணின் வறட்சி பற்றிய ஆராய்ச்சியிற் சென்னை, குன்னூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்கள் உலகறியத் தக்க பங்கு கொண்டுள்ளன. இரண்டு, தமிழகத்தில் வறட்கண் வறுமையோடும் உலர்கண் புதிய தொழில் வாழ்வோடும் தொடர்புற்றன; முன்னது பெரிதும் குறைந்துள்ளது, பின்னது பெருகியுள்ளது; எனினும் ஒன்று போய் மற்றொன்று வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. மூன்று, இவ்விரண்டையும் வேறு பிரித்துச் சொல்லத் தமிழிற் சொல்லுண்டு. அச்சொற்களைப் பாடநூல் எழுதுவோரும் இதழாளரும் மருத்துவரும் ஒருமுகமாகக் கையாளல் வேண்டும்.

கேளம்பாக்கத்து மருத்துவமனைக்கு, அளத்தில் உழைப்போன் மகளும் வரலாம். மென்பொருள் கட்டடத்தில் உழைப்போனும் வரலாம். இருவரும் கண் எரிகின்றது என்றே கூறுவர். ஒருவர்க்குக் கேட்க வேண்டிய வினா, வீட்டில் என்ன உண்கின்றாய் என்பது. மற்றவர்க்குக் கேட்க வேண்டிய வினா, நாளில் எத்தனை நேரம் திரையை நோக்குகின்றாய் என்பது. இருவரையும் இரு வினாக்களாலும் ஆராய்வதே சிறந்த மருத்துவம். அவ்வினாக்களை மறவாமல் நினைவூட்டுதற்கு வறட்கண், உலர்கண் என்னும் இரண்டு சொற்கள் நம் மொழியில் ஆயத்தமாக உள்ளன.